நாலு பேரும் ஒரு ஃபிரிட்ஜும்

மக்களே, பதிவு போட்டு மாசக்கணக்காச்சு. தீசிஸ் கழுத்து மேல ஏறி உக்காந்திருக்கு. இருந்தாலும் இதை எழுதாம தூக்கம் வராது போல இருக்கு.

டிஸ்கி: இது இசை பத்தின வரலாற்றுப் பதிவு. ஆனா ஒரு ஃபிரிட்ஜ்ல ஆரம்பிக்குது. கொஞ்சம் நீளம் வேற. பொறுத்துக்கங்க :-)

போன வாரம் எங்க குதைபியா ரூம்ல ஃபிரிட்ஜ் மண்டையப் போட்டுருச்சு. வந்து பாத்த மெக்கானிக் கம்ப்ரஸர் போச்சு, சரி பண்ற காசுக்கு வேற பழசே வாங்கிரலாம்னுட்டார். கீழ கோல்ட் ஸ்டோர்ல (பஹ்ரைன்ல தெருமுனை மளிகைக் கடைக்கு அதான் பேரு) சொல்லி வச்சோம். பழைய சாமான்காரர் ஒருத்தர் வந்து 8 தினார் குடுத்துட்டு தூக்கிட்டுப் போனார். அந்த 8 தினாரை எப்படிப் பிரிக்கிறதுன்னு பேச உக்காந்தப்பதான் வம்பு. இப்ப ரூம்ல இருக்கறது மூணு பேர். ஆனா அந்த ஃபிரிட்ஜுக்குப் பங்கு போட்டது நாலு பேர்.

நாலாவது ஆளைப் பத்தி அப்புறம் சொல்றேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது வேற ஒரு ஃபிரிட்ஜ். 1983, நியூயார்க்.

த்ராஷ் மெட்டல் கேக்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஹெவி மெட்டலோட கனத்தையும் பங்க் இசையோட வேகத்தையும் ஒண்ணாப் போட்டு அரைச்சா வர்றது த்ராஷ். கிதார் கம்பியை உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சு, மேலிருந்து கீழயே சரசரன்னு அடிப்பாங்க. டிரம்ஸ்காரருக்கு ரெண்டு காலும் ஓடிட்டே இருக்கும். பாட்டுல காதல் கத்தரிக்கா எல்லாம் கிடையாது. போர், அணுகுண்டு, பைத்தியம், சாவு.. இதுதான் சப்ஜெக்ட். இந்த வகையில மெட்டாலிகா, மெகாடெத், ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ்ங்கற நாலு குழுவுக்கும் சேர்த்து 'பெரிய நாலு'ன்னு பேரு. நம்ம ஊர்ல மூவேந்தர்னு சொல்றாப்ல, இவங்க நால்வேந்தர்.

இவங்கள்ல சில பேர் வெளிநாட்டுல பிறந்து வந்தவங்க. மெட்டாலிகா டிரம்ஸ் லார்ஸ் உல்ரிக் டென்மார்க்காரர், டென்னிஸ் ஆட லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தவர். 1981ல பேப்பர்ல விளம்பரம் குடுத்துதான் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைப் பிடிச்சார். ஸ்லேயர்ல பாடற டாம் அராயா பிறந்தது சிலி நாட்டுல. டிரம்ஸ் டேவ் லொம்பார்டோ பிறந்தது க்யூபாவுல. அராயா ஆஸ்பத்திரியில மூச்சு சிகிச்சை வேலை பாத்துட்டு இருந்தார். ஸ்லேயரோட முதல் ஆல்பம் (1983) வந்தது அந்தச் சம்பளத்துல சேத்த காசுலயும், இன்னொரு மெம்பர் கெர்ரி கிங்கோட அப்பா குடுத்த கடன்லயும்தான். குதைபியாவுல இதைப் படிக்கிற எவனுக்கும் இந்த ஃபைனான்ஸ் முறை புதுசா இருக்காது :-)

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம்.

நியூஜெர்சியில ஜான் ஸஸூலான்னு ஒருத்தர், மனைவி மார்ஷாவோட சேந்து பழைய பொருள் சந்தையில ரெக்கார்டு கடை போட்டிருந்தார். மெட்டாலிகாவோட டெமோ கேசட் அவர் கைக்கு வந்துச்சு. கேட்டதும் ஆள் ஃபிளாட். கிளம்பி வாங்கடா, ஆல்பம் போடலாம்னுட்டார். சொந்தமா கம்பெனி கிடையாது, காசும் கிடையாது. கடனை உடனை வாங்கி மெகாஃபோர்ஸ்னு ஒரு லேபிள் ஆரம்பிச்சார். பசங்க சான் ஃபிரான்சிஸ்கோவுல இருந்து வாடகை டிரக்ல சாமானோட சாமானா ஏறி, அமெரிக்காவைக் குறுக்கால தாண்டி வந்து சேந்தாங்க.

வந்து தங்கினது குவீன்ஸ் பகுதியில ம்யூசிக் பில்டிங்னு ஒரு கட்டடம். ரிகர்சல் பண்ற இடம், ஆள் தங்கற இடமே இல்ல. வெந்நீர் கிடையாது, சமைக்க வழி கிடையாது, தரையில படுக்கை. அதே கட்டடத்துல ரிகர்சல் பண்ணிட்டிருந்த உள்ளூர்க் குழுதான் ஆந்த்ராக்ஸ். இவங்க பாடைப் பாத்துட்டு அந்தப் பசங்க ஒரு ஃபிரிட்ஜும், ரொட்டி சுடற சின்ன அவனும் கொண்டாந்து குடுத்தாங்களாம். குளிக்கணும்னா தங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். ஆந்த்ராக்ஸோட ஸ்காட் இயன் பேட்டிகள்ல சொல்லியிருக்கார். பின்னாடி ஸ்டேடியம் ஸ்டேடியமா நிரப்பின ரெண்டு குழுவோட உறவு தொடங்கினது ஒரு பழைய ஃபிரிட்ஜ்ல.

பேச்சலர் ரூம்ல இருந்தவங்களுக்கு அடுத்து என்ன வரும்னு தெரியும். ஃபிரிட்ஜுக்குப் பின்னாடியே சண்டை வரும்.

அப்ப மெட்டாலிகாவுல லீட் கிதார் டேவ் மஸ்டெய்ன். செம்பட்டை முடி, கூர்மையான வாய், கையில அசுர வேகம். பாட்டில் உள்ள போனா கைகலப்பு. மத்தவங்க மட்டும் என்ன உத்தமரான்னா அதுவும் இல்ல, நாலு பேருமே குடிதான். ஆனா இவர் குடிச்சா அடிதடி. 1983 ஏப்ரல் 11 காலையில அவரை எழுப்பி, நீ இனிமே குழுல இல்லன்னு சொல்லி கையில பஸ் டிக்கெட்டைக் குடுத்துட்டாங்க. கண்டத்தோட அந்தக் கோடியில இருக்கற கலிஃபோர்னியாவுக்கு பஸ்ஸுல நாலு நாள். பதிலுக்கு எக்ஸோடஸ் குழுல இருந்து கிர்க் ஹாமெட்டை முன்னாடியே பேசி வச்சிருந்தாங்க. முன்கூட்டி ஒரு எச்சரிக்கை கூட குடுக்கலைன்னு மஸ்டெய்ன் அதுக்கப்புறம் எத்தனையோ பேட்டியில சொல்லிட்டார்.

அந்த பஸ்ல கையில கிடைச்ச ஒரு அரசியல் நோட்டீஸ்ல அணு ஆயுதம் பத்திப் போட்டிருந்துச்சு. பத்து லட்சம் சாவுங்கற கணக்குக்கு ஒரு சொல் அதுல இருந்தது. அதுல ஒரு எழுத்தை எடுத்துட்டு தன் புதுக் குழுவுக்குப் பேரா வச்சார். மெகாடெத்.

ஜூலை மாசம் மெட்டாலிகாவோட முதல் ஆல்பம் 'கில் எம் ஆல்' வந்துச்சு. மஸ்டெய்ன் அதுல வாசிக்கல. ஆனா நாலு பாட்டுல எழுதினவர் பேரா அவர் பேர் இருக்கு. அடுத்த ஆல்பம் 'ரைட் த லைட்னிங்'ல (1984) இன்னும் ரெண்டு, அதுல ஒண்ணு ஆல்பம் பேரையே கொண்ட பாட்டு. ஆளை அனுப்பிட்டாங்க, பாட்டை வச்சுக்கிட்டாங்க.

இப்ப எங்க ரூம் கதை.

நான் இங்க மாஸ்டர்ஸ் படிக்க வந்தப்ப கையில காசு கம்மி. குதைபியாவுல பெட் ஸ்பேஸ் கிடைச்சது. ஒரு தஞ்சாவூர் எலக்ட்ரீசியன், கோல்ட் ஸ்டோர்ல கணக்கு எழுதற ஒரு சேட்டன், நாப்பதைத் தாண்டின ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி, நாலாவதா நான். ஃபிரிட்ஜ் 28 தினாருக்கு வாங்கினோம், ஆளுக்கு 7. எனக்குக் குறைஞ்சப்ப போட்டது அண்ணாச்சிதான். அப்புறம் திருப்பிக் குடுத்தேன். ரெண்டு தடவை கேட்டு வாங்கினார், அதையும் சொல்லிடறேன்.

அண்ணாச்சி சமைச்சா மீன் குழம்பு தெரு முழுக்க மணக்கும். ஆனா வியாழன் ராத்திரி குடிச்சார்னா வேற ஆளு. அழுகை, கத்தல், ஒருநாள் படியில வாந்தி, பக்கத்து ஃபிளாட்டோட சண்டை. ரெண்டு மாச வாடகை வேற பாக்கி. மத்த மூணு பேரும் மாடிப்படியில உக்காந்து பேசி முடிவு பண்ணினோம். சொல்ற வேலை எனக்கு வந்துச்சு. 'படிச்ச பையன், பக்குவமா சொல்லுவான்'னாங்க. நான் பக்குவமா எல்லாம் சொல்லல. வேற ஆள் பாத்தாச்சுண்ணாச்சின்னேன். அது பொய் வேற. அவர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: 'இப்பவேவா தம்பி, காலைல போனாப் போதுமா?'

காலையில ஒரு பெட்டியோட போயிட்டார். அதுக்கு முந்தின நாள் அவர் வச்ச மீன் குழம்பு ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு. ரெண்டு நாள் சாப்பிட்டோம். நல்லா இருந்துச்சு.

சரி, வரலாறு.

1986ல மெட்டாலிகா ஐரோப்பா டூர். கூட வாசிச்ச குழு ஆந்த்ராக்ஸ், அதே ஃபிரிட்ஜ் குடுத்தவங்க. செப்டம்பர் 26 ராத்திரி ஸ்டாக்ஹோம்ல கச்சேரி முடிச்சுட்டு பஸ்ல கிளம்பினாங்க. யாருக்கு எந்த பெர்த்துன்னு சீட்டு எடுத்துப் பாத்ததுல பேஸ் கிதார் கிளிஃப் பர்ட்டனுக்கு ஸ்பேட் ஏஸ் விழுந்துச்சு. கிர்க் ஹாமெட் பெர்த்தை அவர் எடுத்துக்கிட்டார். விடியக்காலையில பஸ் சறுக்கிக் கவுந்து பர்ட்டன் செத்துப்போனார். வயசு 24. மெட்டாலிகாவுக்காக ஊரை விட்டு வந்த நாலு பேர்ல ஒருத்தரை பஸ்ல ஏத்தி விட்டாங்க, ஒருத்தரை பஸ்ஸே எடுத்துக்கிச்சு.

இந்தக் குழுக்கள் சேந்து மேடையேறினது முதல்ல பாசத்துல இல்ல, வியாபாரத்துல. 1990ல 'க்ளாஷ் ஆஃப் த டைட்டன்ஸ்'னு ஐரோப்பா டூர். ஸ்லேயர், மெகாடெத், டெஸ்டமென்ட், சூசைடல் டென்டன்சீஸ். 1991ல அதே பேர்ல அமெரிக்காவுல ஸ்லேயர், மெகாடெத், ஆந்த்ராக்ஸ். யாரு கடைசியா வாசிக்கிறதுங்கற மரியாதைச் சண்டை வராம இருக்க ஊருக்கு ஊர் வரிசையை மாத்திக்கிட்டாங்க. மெட்டாலிகா அந்த மேடையில இல்ல. அவங்க அதே 1991ல போட்ட கறுப்பு அட்டை ஆல்பம் அமெரிக்காவுல மட்டும் 1.6 கோடிக்கு மேல வித்துச்சு. அவங்க வேற உயரத்துக்குப் போயிட்டாங்க.

மஸ்டெய்னும் சும்மா இல்ல. 1992ல மெகாடெத்தோட 'கவுண்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' அமெரிக்கப் பட்டியல்ல ரெண்டாவது இடம் வரைக்கும் போச்சு. எவனுக்கும் அது போதும். இவருக்குப் போதல, ஏன்னா அது ரெண்டாவது. 2001ல லார்ஸ் உல்ரிக்கை எதிர்ல உக்கார வச்சு, இத்தனை வருஷமா ரெண்டாம் ஆளாவே வாழ்ந்த வலியைக் கொட்டினார். அது 2004ல வந்த மெட்டாலிகா ஆவணப்படத்துல இருக்கு. பாத்தா சங்கடமா இருக்கும். லட்சக்கணக்கா ஆல்பம் வித்த மனுஷன், 18 வருஷத்துக்கு முந்தின ஒரு காலையைப் பத்தி அழற மாதிரி பேசறார்.

இதுல கவனிக்க வேண்டிய இன்னொண்ணு இருக்கு. துரத்தப்பட்டவர் துரத்தாம இருந்தாரான்னா, இல்லவே இல்ல. மெகாடெத்ல வந்து போன ஆளுங்களை எண்ண ரெண்டு கை பத்தாது. ஆரம்பத்துல இருந்து கூடவே இருந்த பேஸ் கிதார் டேவிட் எல்லஃப்ஸன் கூட கோர்ட் வரைக்கும் போய்ப் பிரிஞ்சார். அந்த இடத்துக்கு வந்த ஜேம்ஸ் லொமென்சோ மெகாடெத்தோட முதல் தடவை மேடையேறினது எங்கன்னு நினைக்கிறீங்க? துபாய்ல!

2006 மார்ச், துபாய் டெஸர்ட் ராக் விழா. 2004ல இருந்து 2009 வரைக்கும் நடந்த விழா அது. அந்த வருஷம் மெகாடெத்தும் டெஸ்டமென்ட்டும் ஒரே மேடைல. ரெண்டுமே அடி வாங்கி எழுந்த குழு. 2002ல கை நரம்பு அமுங்கிப்போய் கிதாரே பிடிக்க முடியாம குழுவைக் கலைச்சுட்டு, 2004ல திரும்பி வந்தவர் மஸ்டெய்ன். டெஸ்டமென்ட் பாடகர் சக் பில்லி 2001ல புற்றுநோய் வந்து மீண்டவர். வளைகுடாவுல பழைய த்ராஷ் ஆளுங்க ஒண்ணா நின்ன ராத்திரி அது.

இதுல எனக்கு என்னன்னா.. அண்ணாச்சி அங்க இருந்தார்.

பஹ்ரைன் வர்றதுக்கு முன்னாடி அவர் துபாய்ல கச்சேரிக்கு மேடை, தடுப்புக் கம்பி போடற வேலையில ஹெல்ப்பர். நான் ஒருநாள் ஹெட்ஃபோன் இல்லாம மெகாடெத் போட்டுட்டேன். மனுஷன் இளையராஜாவைத் தாண்டி எதையும் காதுல வாங்காதவர், சமையலை விட்டுட்டு வந்து நின்னார். 'இந்தக் குரல் எனக்குத் தெரியும்டே. செம்பட்டை முடி, பல்லைக் கடிச்சுக்கிட்டே பாடுவான். துபாய் கண்ட்ரி கிளப்புல கம்பிக்குப் பின்னாடி நின்னு கேட்டிருக்கேன். மறுநாள் வரைக்கும் காது கேக்கல'ன்னார். நான் சிலிர்த்துப் போய் அவன் யாரு, எங்கிருந்து துரத்தினாங்க, எந்த பஸ்னு முழுக் கதையும் சொன்னேன். கேட்டுட்டு, 'டிக்கெட்டாவது எடுத்துக் குடுத்தானுவளே'ன்னார்.

நாங்க டிக்கெட் கூட எடுத்துக் குடுக்கல மக்களே.

2010 ஜூன் 16, போலந்தோட வார்சாவுல நாலு குழுவும் முதல் தடவையா ஒரே மேடையில வாசிச்சாங்க. மொத்தம் 27 வருஷம் ஆச்சு அதுக்கு. கச்சேரிக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க. எல்லஃப்ஸன் அந்த பிப்ரவரியிலதான் மெகாடெத்துக்குத் திரும்பியிருந்தார். ஆந்த்ராக்ஸுக்கு பழைய பாடகர் ஜோயி பெல்லடோனா அதே வருஷம் திரும்பியிருந்தார். அந்த வரிசையில சில பேர் போயிட்டு வந்தவங்கதான்.

ஜூன் 22, பல்கேரியா, சோஃபியா. இந்தக் கச்சேரி சேட்டிலைட் வழியா உலகம் முழுக்க தியேட்டர்கள்ல ஓடுச்சு. கடைசியில மெட்டாலிகா மத்தவங்களை மேடைக்குக் கூப்பிட்டாங்க. ஆந்த்ராக்ஸ், மெகாடெத் ஆளுங்க எல்லாம் ஏறினாங்க, ஸ்லேயர்ல இருந்து லொம்பார்டோ மட்டும். ஹெட்ஃபீல்டும் மஸ்டெய்னும் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. வாசிச்சது 'ஆம் ஐ ஈவில்'. அவங்க யாரோட பாட்டும் இல்ல, டைமண்ட் ஹெட்ங்கற இங்கிலாந்துக் குழுவோடது. மஸ்டெய்ன் மெட்டாலிகாவுல இருந்த காலத்துலயே சேந்து வாசிச்ச பாட்டு.

இதை 'நட்பு ஜெயிச்சது'ன்னு முடிக்கறதுதான் வழக்கம். எனக்கு அப்படித் தோணல. கணக்கு எதுவும் தீரல. 2009ல மெட்டாலிகாவை ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தப்ப மஸ்டெய்ன் பேர் அந்தப் பட்டியல்ல கிடையாது. சோஃபியாவுக்கு அப்புறமும் பாட்டுரிமைச் சண்டை அப்பப்ப வந்துச்சு. எல்லஃப்ஸனை 2021ல மறுபடி அனுப்பினார், அந்த இடத்துக்கு மறுபடி வந்தவர் நம்ம துபாய் லொமென்சோ. அந்தக் கட்டிப்பிடி யாரையும் திருத்தல.

ஆனா அந்த வீடியோவுல மஸ்டெய்ன் முகத்தைப் பாருங்க. அவர் எதிர்பாத்தது மன்னிப்பு இல்லைன்னு எனக்குத் தோணுது. ஆரம்பத்துல இவனும் எங்க ரூம்லதான் இருந்தான், இதுல இவனுக்கும் பங்கு உண்டுன்னு கூடியிருக்கறவங்க முன்னாடி ஒத்துக்கணும். அவ்வளவுதான். காசும் இடமும் அப்புறம். பங்கு இருந்துச்சுன்னு சொல்லணும்.

அந்த மேடையும் ரொம்ப நாள் நிக்கல. 2011 ஏப்ரல் 23, கலிஃபோர்னியா இண்டியோ. ஸ்லேயரோட ஜெஃப் ஹேன்னமன் கையில கடுமையான தொற்று வந்து வாசிக்க முடியாம இருந்தார். பதிலுக்கு வாசிச்சவர் எக்ஸோடஸ் குழுவோட கேரி ஹோல்ட். எந்தக் குழுல இருந்து ஹாமெட்டை எடுத்து மஸ்டெய்னை அனுப்பினாங்களோ, அந்தக் குழுக்காரர் 28 வருஷம் கழிச்சு 'பெரிய நாலு' மேடைக்கு அடுத்தவர் சட்டையில வந்து நின்னார். கடைசி ரெண்டு பாட்டுக்கு ஹேன்னமன் வந்து வாசிச்சுட்டுப் போனார். அதுக்கப்புறம் அவர் மேடை ஏறவே இல்ல. 2013 மே 2ல போயிட்டார். நாலு குழுவும் சேந்தது கடைசியா 2011 செப்டம்பர் 14, நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்துல. அந்தப் பழைய ஃபிரிட்ஜ் இருந்த அதே ஊர்.

2025 ஜூலை 5, பர்மிங்ஹாம்ல ஓஸி ஆஸ்பர்னுக்கு விடை குடுத்த கச்சேரியில மெட்டாலிகா, ஸ்லேயர், ஆந்த்ராக்ஸ் மூணும் வாசிச்சாங்க. மெகாடெத் இல்ல. மறுபடியும் நாலுல மூணு. அடுத்த மாசமே மஸ்டெய்ன் இதோட போதும், அடுத்த ஆல்பமும் டூரும்தான் கடைசின்னு அறிவிச்சார். 2026 ஜனவரியில அது வந்துச்சு. அதுல ஒரு பாட்டைப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். 'ரைட் த லைட்னிங்'. 42 வருஷத்துக்கு முன்னாடி அவர் இல்லாம வந்த அவரோட பாட்டு. போறதுக்கு முன்னாடி தன் கையால ஒரு தடவை வாசிச்சு வச்சுட்டுப் போறார். கோபமா, மரியாதையா.. ரெண்டும்தான்னு நினைக்கிறேன்.

அந்த 8 தினார் ராத்திரிக்கு வர்றேன். மூணு பேரும் கால்குலேட்டரோட உக்காந்திருந்தோம். மூணால வகுத்தா சரியா வரல, ரெண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி. நாலால வகுத்தா கச்சிதமா 2. நான்தான் சொன்னேன், இது நாலு பேர் சாமான்னு. தஞ்சாவூர்க்காரர் ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, ரெண்டு மாச வாடகை பாக்கியை யார் குடுப்பான்னார். நியாயமான கேள்விதான். சேட்டன் டிவி சத்தத்தைக் கூட்டிட்டார்.

நான் என் பங்குல இருந்து ரெண்டு தினாரைத் தனியா எடுத்து வச்சுட்டு, அண்ணாச்சிக்கு வாட்ஸப்ல எழுதினேன். ஃபிரிட்ஜ் போயிருச்சு அண்ணாச்சி, வித்துட்டோம், உங்க பங்கு ரெண்டு தினார் எங்கிட்ட இருக்கு, வேற ஆள் பாத்தாச்சுன்னு அன்னைக்கு சொன்னது பொய், மன்னிச்சுக்கங்கன்னு. நீலக் குறி விழுந்துச்சு. ரெண்டு நாள் பதிலே இல்ல. மூணாம் நாள் ஒரு வாய்ஸ் மெசேஜ். பின்னாடி ஏதோ மெஷின் சத்தம். இப்ப சிட்ராவுல வேலையாம்.

'ரெண்டு தினாரை நீயே வச்சுக்க தம்பி. அந்த மீன் சட்டி என்னது. ஊர்ல இருந்து கொண்டாந்தது. அது இருந்தா கொண்டா.'

மன்னிப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. வெளிய போய் சமையல் மேடையைப் பாத்தேன். சட்டி அங்கதான் இருக்கு. இத்தனை நாளா நாங்க அதுலதான் சாம்பார் வச்சுட்டு இருந்திருக்கோம்.

தேய்ச்சுக் கழுவி வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை பஸ்ல சிட்ரா போறேன்.